எட்டாம் மாசியத்தில் குடியை விட்டவர்

பாலேந்திரன் குடியை விட்டது அவர் இறந்து எட்டாம் மாதத்தில். உயிரோடு இருந்த காலத்தில் அதற்கு அவருக்கு வசதிப்படவில்லை. புலம்பெயர்ந்து வந்த சோலோதுர்ன் நகரில் ஓர் உணவகத்தின் சமையலறையில் இருபது வருடத்துக்கு மேல் நின்றவர். வேலைக்கு ஒருநாளும் பிந்திப் போனதில்லை, யாரோடும் உரத்துக் கதைத்ததில்லை. குடித்தால் இன்னும் அமைதியாகிவிடுவார். ஆகவே அது குடி என்று யாருக்கும் படவில்லை. கண்கள் மஞ்சளானபோது சீனி வருத்தம், நீரிழிவு என்றார்கள். வயிறு வீங்கியபோதும் சீனி வருத்தம் என்றார்கள். ஈரல் முடிந்து, மார்கழியில் ஆஸ்பத்திரியில் அவர் கண்ணை மூடியபோது, தமையன் கனகரத்தினம் செத்தவீட்டு வாசலில் நின்று வந்தவர்களுக்கெல்லாம் சீனி வருத்தம் என்றே சொன்னார். பாசலில் ஆய்வுகூடம் ஒன்றில் வேலை செய்யும் மகள் யதுஷா மட்டும் அந்தச் சொல்லை வாயில் எடுக்கவில்லை. சாம்பலை ஆரே ஆற்றில் கரைத்தார்கள். அது உடனே ஓடாமல் பாலத்தடியில் கொஞ்ச நேரம் நின்று யோசித்துவிட்டுப் பிறகு போனதைப் பலர் கண்டார்கள். குளிர் கடுமையாக இருந்ததால் யாரும் அதைப் பற்றிக் கதைத்துக்கொண்டு நிற்கவில்லை.

இறந்தவர் விரும்பியதை எட்டாம் நாள் படைப்பது யாழ்ப்பாணத்தார் வழக்கம். மீன் விரும்பியவருக்கு மீன், சுருட்டு விரும்பியவருக்குச் சுருட்டு. கனகரத்தினம் தம்பிக்காக ஒரு பிராண்டிப் போத்தலை வாங்கிவந்து மூடி திறக்காமல் இலையின் தலைப்பக்கம் வைத்தார். கதவைச் சாத்திவிட்டு எல்லோரும் வெளியே நின்றார்கள். திறந்தபோது சோறும் இறைச்சியும் வைத்தபடி இருந்தன. போத்தல், மூடி உடையாமலே, வெறுமையாக இருந்தது. தம்பி ஏற்றுக்கொண்டுவிட்டான் என்று கனகரத்தினம் விம்மி அழுதார். மறுநாள் பின்னேரம் பாலேந்திரனின் மனைவி ஜெயமலர், முதியோர் இல்லத்துச் சலவை வேலை முடிந்து வீட்டுக்கு வந்தபோது, அவர் மண்ணிற ஜக்கெற்றோடு குசினியில் நின்று அலுமாரிகளை ஒவ்வொன்றாகத் திறந்து தேடிக்கொண்டிருந்தார். உடுப்பிலிருந்து ஆற்றுத் தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது.

"சப்பாத்தைக் கழட்டிப்போட்டு நில்லுங்கோவன்" என்றாள் ஜெயமலர். அவளுக்கு முதலில் வாயில் வந்தது அதுதான். பிறகுதான் துவாய் எடுக்கப் போனாள், பிறகுதான் நடுங்கினாள்.

அன்றிலிருந்து ஒவ்வொரு பின்னேரமும் வந்தார். பேசமாட்டார், தேடுவார். வீட்டில் ஒன்றும் கிடைக்காவிட்டால் சுவர் வழியாகப் பக்கத்து வீடுகளுக்குப் போவார். அந்த மாரியில் கட்டடம் முழுவதும் மதுவகைகள் வலுவிழந்தன. இரண்டாம் மாடியில் ஒருவர் விருந்தினருக்கு ஊற்றிய கிர்ஷ் என்ற செரிப்பழச் சாராயத்தில் ஆற்றுப்பாசி மணத்தது. சாராயம் கலந்த இருமல் மருந்து இருமலை நிறுத்தவில்லை. கீழ்வீட்டுத் திருமதி ரீசரின் உட்கூரையில் ஓர் ஈரத்திட்டு விழுந்தது. வீட்டு நிர்வாகம் அனுப்பிய குழாய்க்காரன் குழாய்களில் பிழையில்லை, ஆளில்தான் பிழை என்று எழுதிக் கொடுத்துவிட்டுப் போனான். திருமதி ரீசர் மேலே வந்து பார்த்தாள், பாலேந்திரனுக்கு முறைப்படி மாலை வணக்கம் சொன்னாள், ஞாயிற்றுக்கிழமைகளில் மட்டும் அலுமாரிக் கதவுகளை மெதுவாகச் சாத்தினால் நல்லது என்று கேட்டுக்கொண்டு இறங்கினாள்.

குடி கிடைக்காத நாட்களில் பாலேந்திரன் மெலிந்துபோவார். அவருக்குள்ளால் யன்னல் கம்பி தெரியும். கிடைத்த நாட்களில் நிறம் கூடி, முழங்கைத் தழும்பு, கன்னத்து மரு எல்லாம் கண்ணுக்குத் துலங்கும். மாதம் ஒருமுறை மாசியப் படையலுக்குக் கனகரத்தினம் புதுப் போத்தலோடு வருவார். மாசியத்துக்கு மரக்கறிதான் முறை என்றபடியால் போத்தலுக்கென்று பக்கத்தில் இன்னொரு சிறிய இலை போடுவார். அந்த இரவுகளில் பாலேந்திரன் உயிரோடு இருந்தபோது இருந்ததைவிட நன்றாக இருப்பார், கதிரையில் அமர்ந்தால் கதிரை கிறீச்சிடும். மூன்றாம் மாசியம் கழிந்து அவர் மறுபடி மங்கத் தொடங்கியபோது, ஜெயமலர் வாழ்க்கையில் முதன்முறையாகக் கடைக்குப் போய்த் தன் கையால் ஒரு போத்தல் வாங்கிவந்து, அவர் முதலில் திறக்கும் அலுமாரியிலேயே வைத்தாள். அவர் குடித்தார், துலங்கினார், அவள் பக்கம் திரும்பிச் சிரித்தார். சிரித்த முகத்தில் கண்கள் மஞ்சளாக இருந்தன. அடுத்த கிழமை வயிறு வீங்கத் தொடங்கியது. இறந்தவர் இன்னொரு தடவை இறந்துகொண்டிருக்கிறார் என்பது அவளுக்கு அப்போது விளங்கியது. குடி கொடுத்தால் சாவார். கொடுக்காவிட்டால் கண்ணுக்குத் தெரியாமல் போவார். இரண்டிலும் அவள் மிஞ்சுவாள்.

முதலில் கோயிலுக்குப் போனாள். ஐயர் பொறுமையாகக் கேட்டார். "அவர் பேயாய் வாறார் எண்டால் என்னட்டைப் பரிகாரம் இருக்கம்மா. குடிச்சுப்போட்டு வாறார் எண்டால் அது என்ரை இலாகா இல்லை" என்றார். குடும்ப வைத்தியர், இறந்த திகதியோடு காப்புறுதி முடிந்துவிட்டதால் தன்னால் எங்கும் அனுப்ப இயலாது என்று வருந்தினார். அவரிடமிருந்து திரும்பும்போது அவள் ஏறிய பஸ் வீதி வேலை காரணமாக ஒரு தரிப்பில் நின்றுவிட்டது. எதிரே, அவள் பதினொரு வருடமாக யன்னலால் பார்த்துக்கொண்டு போகும் அந்தப் பெயர்ப்பலகை இருந்தது. சுஹ்ட்பெராட்டுங். பெராட்டுங் என்றால் ஆலோசனை என்பது அவளுக்குத் தெரியும். முதற்பாதியை வந்த புதிதில் ஜெர்மன் வகுப்பில் படித்திருந்தாள்: எர் சூஹ்ட் ஐனே வோனுங், அவர் வீடு தேடுகிறார். ஆகவே அது வேலை தேடுகிறவர்கள், வீடு தேடுகிறவர்கள் போகும் கந்தோர், எங்களுக்குத்தான் வேலையும் வீடும் இருக்கிறதே என்று இத்தனை வருடமும் அதைக் கடந்து போயிருந்தாள். இன்று அவளுக்குத் தேடுகிற ஒருவர் இருந்தார். இறங்கி உள்ளே போனாள்.

திருமதி எபி என்ற நரைத்த பெண் கதிரை காட்டினாள். "என் கணவர் தேடுகிறார்" என்றாள் ஜெயமலர் தனக்குத் தெரிந்த ஜெர்மனில். எதை என்று கேட்டாள் திருமதி எபி. எல்லா அலுமாரியிலும், பின்னேரம் பின்னேரம், போத்தல் தேடுகிறார் என்றாள். திருமதி எபி, நீங்கள் சரியான இடத்துக்குத்தான் வந்திருக்கிறீர்கள் என்று மெதுவாகச் சொல்லி, எழுத்து ஒன்றுதான், நெடிலாகச் சொன்னால் தேடுகிறான், குறிலாகச் சொன்னால் விடமுடியாத அடிமைத்தனம் என்று வாயசைத்துக் காட்டினாள். சூஹ்ட். சுஹ்ட். ஜெயமலர் இரண்டையும் திருப்பிச் சொன்னாள். ஒரு மாத்திரை நேரத்துக்குள் பதினொரு வருடம் கிடந்தது. திருமதி எபி தண்ணீர் கொண்டுவந்து வைத்தாள்.

அவர் இறந்துவிட்டார் என்பதைக் கேட்டுத் திருமதி எபி வியப்படையவில்லை. இறந்ததை ஏற்றுக்கொள்ளாமல் குடிக்கிறவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன் என்றாள். சிக்கல் வேறு இடத்தில் வந்தது. அங்கே சோலோதுர்ன் மாநிலத்தாரைத்தான் எடுப்பார்கள். சாம்பல் ஆரேயில் கரைந்தது என்றால் அவர் இப்போது ஆர்காவ் மாநிலத்தைத் தாண்டி ரைன் ஆற்றில் கலந்து பாசலுக்கே போயிருக்கலாம். திருமதி எபி மேலதிகாரிக்குத் தொலைபேசி எடுத்தாள். பின்னேரங்களில் எங்கே இருக்கிறார் என்று மேலதிகாரி கேட்டார். எங்கள் குசினியில் என்றாள் ஜெயமலர். அப்படியென்றால் அவர் எங்களவர்தான் என்று முடிவாயிற்று. திருமதி எபி இரண்டு விஷயம் சொன்னாள். அவர் தானாக வரவேண்டும், அவருக்காக இன்னொருவர் வரமுடியாது. மற்றது, அவருக்கு யார் குடி கொடுக்கிறார்கள்? தமையன், மாதம் ஒருமுறை, வாழையிலையில் வைத்து என்றாள் ஜெயமலர். நானும் ஒருதரம் என்று பிறகு சொன்னாள். திருமதி எபி தலையாட்டினாள். வாழையிலை மட்டும்தான் புதிது என்றாள்.

ஐந்தாம் மாசியத்தன்று கனகரத்தினம் வழமைபோல வந்தார்.

"அண்ணை, உந்தப் போத்திலைக் காருக்குள்ளை வைச்சிட்டு வாங்கோ."

"என்ன பிள்ளை விசர்க்கதை கதைக்கிறாய்? விரும்பினதைத்தான் படைக்கிறது."

"அவர் என்னத்தை விரும்பினவர் எண்டு உங்களுக்குத் தெரியுமோ?"

"ஊருக்கே தெரியும்."

"ஊருக்கே தெரிஞ்சிருந்தால், செத்தவீட்டிலை ஏன் அண்ணை சீனி வருத்தம் எண்டு சொன்னனீங்கள்?"

கனகரத்தினம் போத்தலைக் கையில் பிடித்தபடி நின்றார். ஒரு சொட்டுக்கூட வைக்கவிடாத பெண்சாதி என்று முணுமுணுத்தார். தம்பிக்கு முன்னால் இப்படிக் கதைக்கிறாய் என்றார். பாலேந்திரன் உண்மையில் முன்னால்தான் இருந்தார், போத்தலையே பார்த்துக்கொண்டு.

"சரி, வேறை என்னத்தை வைக்கிறது? நீயே சொல்லு."

ஜெயமலருக்குச் சட்டென்று ஒன்றும் வரவில்லை. கனகரத்தினத்துக்கும் வரவில்லை. ஒரு மனிதன் வேறு எதை விரும்பினான் என்பதைப் போத்தல் மறைத்துவிட்டிருந்தது. இருவரும் குசினியில் நின்று நெடுநேரம் யோசித்தார்கள். கடைசியில் கனகரத்தினம்தான், அகதி முகாமில் முதல் மாரியில் தம்பி தகரத்தில் அடைத்த மீன்ரின்னை வெங்காயத்தோடு பிரட்டி, இங்கத்தைக் கறுத்தப் பாண் ரொட்டிக்குள் வைத்துத் தின்றுவிட்டு, "அண்ணை, இதுக்காகவே இந்த நாட்டிலை இருக்கலாம்" என்று சொன்னதை நினைவுபடுத்தினார். சிறிய இலையில் மீன்ரின்னும் பாணும் வைத்தார்கள். பாலேந்திரன் தொடவில்லை.

அன்றிரவிலிருந்து அவருக்கு நடுக்கம் கண்டது. கட்டடத்தின் எல்லா வீடுகளிலும் கண்ணாடிக் குவளைகள் ஒன்றோடொன்று இடித்துக் கிலுகிலுத்தன. காற்றில்லாத நாளிலும் பாலத்தடியில் ஆறு சிலிர்த்துக்கொண்டிருந்தது. வியர்த்தார், சுவரைப் பார்த்துக் கை கூப்பினார், தன்னைவிட்டுப் போன யார் யாரையோ வாவென்று சைகை காட்டினார். ஜெயமலர் விடுமுறை எடுத்துக்கொண்டு பக்கத்தில் இருந்தாள். கை வைத்தால் தண்ணீருக்குள் வைத்ததுபோல இருந்தது, ஆனாலும் எடுக்கவில்லை. அலுமாரிகளைத் திறக்க அவர் எழுந்தபோதெல்லாம், "இஞ்சை ஒண்டும் இல்லையப்பா. செவ்வாய்க்கிழமை கந்தோர் திறக்கும். வாறீங்களோ?" என்று ஒரே கேள்வியைக் கேட்டாள். பல செவ்வாய்க்கிழமைகள் அவர் சுவருக்குள் போய் மறைந்துகொண்டார். ஒரு செவ்வாய்க்கிழமை, அவள் கேட்காமலே, ஜக்கெற்றின் பொத்தானைப் பூட்டிக்கொண்டு வாசலில் நின்றார். பஸ்ஸில் பரிசோதகர் வந்தார். பாலேந்திரனின் அரைக்கட்டண அட்டை இன்னும் காலாவதியாகியிருக்கவில்லை. பரிசோதகர் அதைப் பார்த்து நன்றி சொல்லித் திருப்பிக் கொடுத்தார்.

கந்தோரில் மொழிபெயர்ப்பாளர் தொலைபேசியில் வந்தார். உயிரோடு இருந்தபோது பாலேந்திரன் வைத்தியம் எதற்கும் போக மறுத்ததற்கு இதுதான் காரணம்: மொழிபெயர்ப்பவர் தமிழராக இருப்பார், கிழமைக்குள் லா ஷோ-து-ஃபோனில் இருக்கிற தமிழர் வரைக்கும் கதை போய்விடும். இறந்தபின் அவர் சொன்ன முதல் வார்த்தையும் அந்தப் பயத்திலிருந்தே வந்தது.

"தம்பி எந்த ஊர்?"

"அண்ணை, நான் ஆரெண்டு நீங்கள் கேக்கக் கூடாது. நீங்கள் ஆரெண்டு நானும் கேக்கமாட்டன்."

"குரலைப் பாத்தால் சாவகச்சேரிப் பக்கம்."

"கேள்விக்கு மறுமொழி சொல்லுங்கோ அண்ணை. எவ்வளவு காலமாய்க் குடிக்கிறீங்கள் எண்டு கேக்கினம்."

"செத்தாப் பிறகுதான்."

"அதுக்கு முந்தி?"

"முந்திச் சீனி வருத்தம்."

ஜெயமலர் சிரித்துவிட்டாள். அடக்கப் பார்த்தும் முடியவில்லை. பாலேந்திரன் அவளைத் திரும்பிப் பார்த்து, தானும் சிரித்து, சிரிப்பு முடிந்ததும் முகத்தைக் கையால் மூடிக்கொண்டார். பிறகு கதைத்தார். வேலை முடிந்து சமையலறைப் பின்கதவால் வெளியே வந்தால் ஊர் முழுக்க ஒரு சத்தமும் இராது, அந்த அமைதிக்குள்ளே தன்னைவிட்டுப் போன பழைய ஆட்களின் குரல் கேட்கும், அது கேட்காமல் இருக்கத்தான் தொடங்கினது, பிறகு கேட்காவிட்டாலும் விடமுடியவில்லை என்றார். மொழிபெயர்ப்பாளர் ஒரு சொல்லும் விடாமல் சொன்னார்.

அதன்பிறகு செவ்வாய்க்கிழமைகளில் கந்தோரில் நடக்கும் குடியை விடுகிறவர்களின் கூட்டத்துக்கு அவர் தனியாகவே போகத் தொடங்கினார். எட்டாம் மாசியத்தில் மீன்ரின்னும் பாணும் இலையிலிருந்து காணாமற்போயின. அதைத்தான் குடியை விட்ட நாளாக எல்லோரும் கொண்டார்கள். கண்ணில் மஞ்சள் இறங்கியது, வயிறு வற்றியது, அத்தோடு அவரும் இறங்கினார். குளிர்காலத்து யன்னலில் மூச்சு படிந்ததுபோல வந்து இருப்பார், விளக்கைப் போட்டால் தேடவேண்டும். ஜெயமலர் விளக்கைப் போடாமல் இருக்கப் பழகினாள். ஒரு வியாழக்கிழமை அவள் வேலையால் வந்தபோது குசினி குசினியாக மட்டும் இருந்தது. மறுநாளும் அப்படியே. கடைக்குப் போய் ஒரு போத்தலின் முன்னால் நின்றாள். எடுத்துப் பார்த்தாள். வைத்துவிட்டு வந்தாள்.

பிறகு கந்தோருக்குத் தொலைபேசி எடுத்தாள். அவர் இப்போதும் செவ்வாய்க்கிழமைக் கூட்டத்துக்கு வருகிறாரா என்று கேட்டாள். அதைச் சொல்ல எனக்கு அனுமதி இல்லை, இது அவருடைய அந்தரங்கம் என்றாள் திருமதி எபி. ஜெயமலர் நன்றி சொல்லி வைத்தாள். வராத ஒருவரைப் பற்றி மறைக்க என்ன இருக்கிறது என்று அவள் நினைத்தாள். பாசலிலிருந்து யதுஷா தொலைபேசி எடுத்து, "அப்பா வாறவரோ அம்மா?" என்று கேட்டபோது, "இஞ்சை வாறேல்லைப் பிள்ளை. செவ்வாயிலை கூட்டத்துக்குப் போறவர்" என்றாள். யதுஷா நல்லது என்றாள்.

முதலாண்டு நிறைவில் வந்த ஆட்டத்திவசத்துக்குச் சொந்தக்காரர் நிறையப் பேர் வந்தார்கள். பாலேந்திரனுக்கு என்ன வருத்தம் இருந்தது என்று ஒருவர் கேட்க, குடி என்று ஜெயமலர் சொன்னாள். கறிக்கு உப்புக் காணாது என்று சொல்வதைப்போலத்தான் சொன்னாள், யாரும் கரண்டியைக் கீழே போடவில்லை. கனகரத்தினம் வெறுங்கையோடு வந்திருந்தார். எல்லோரும் போனபின்னும் சப்பாத்துக் கயிற்றைக் கட்டமுடியாமல் வாசலில் குனிந்தபடி நின்றார். கைகள் ஆடிக்கொண்டிருந்தன. கண்களில் மஞ்சள் விழுந்திருப்பதை ஜெயமலர் கண்டாள். அவர் நிமிராமலே கேட்டார்.

"உந்தக் கூட்டத்துக்கு, பிள்ளை... உயிரோடை இருக்கிறவையையும் எடுப்பினமோ?"

"ஓம் அண்ணை, எடுப்பினம்" என்றாள் ஜெயமலர், கீழே குந்தி அவருடைய கயிற்றைக் கட்டிக்கொண்டு. "அவருக்குப் பக்கத்திலை இருக்கலாம்."