ஒரு பனை தள்ளி

1.
இந்தக் கதை என் கற்பனை இல்லை. ஒட்டுசுட்டானில் பழுதாகி நின்ற பஸ்ஸில், பக்கத்துச் சீற்றில் இருந்த சுதாஜினி சொன்னது. முதலில் இப்படித் தொடங்கினேன்:

முல்லைத்தீவுக் கடல் அன்று காலை…

[அடித்துவிட்டேன். வள்ளத்தில் கால் வைத்தாலே அவளுக்கு வாந்தி வரும். அவளைக் கடலில் தொடங்குவது அநியாயம்.]

2.
சுதாஜினி ஸ்கந்தபுரத்து வயற்காரரின் மகள். பல்கலைக்கழகத்தில் பவளப்பாறை பற்றிப் படிப்பிக்கிறாள். பவளத் தீவுகளுக்கென்றே வெளிவரும் ஆய்விதழ் ஒன்றில் பன்னிரண்டு வருடங்களுக்கு முன் ஒரு கட்டுரை எழுதினாள். முல்லைத்தீவுக்கு வெளியே கடலடியில் ஒரு பவளத்திட்டு வளர்கிறது, ஒருநாள் அது தீவாகத் தலைகாட்டலாம் என்பது விசயம். வலையில் சிக்கிய பவளத்துண்டுகளைத் தந்ததும் இடத்தைச் சொன்னதும் அல்பேர்ட் என்ற மீனவர். அவள் கரையில் நின்று குறித்துக்கொண்டாள்.

அதை முப்பத்தேழு பேர் மேற்கோள் காட்டியிருக்கிறார்கள். (அதில் ஒருவராவது வந்து பார்த்தாரா என்று கேட்காதீர்கள். ஆய்வுலகில் அது மரியாதை இல்லை.) அவளுடைய பதவி உயர்வே அந்தக் கட்டுரையில்தான் நிற்கிறது.

இப்போது இதழுக்கு ஐம்பது வயது. தன்னால் என்ன நடந்தது என்று அறிய அதற்கும் ஆசை. "உங்கள் கட்டுரையால் விளைந்தது என்ன? ஒரு பக்கம் எழுதித் தாருங்கள்" என்று கடிதம் வந்தது. சுதாஜினிக்குச் சந்தோசத்தில் தலைகால் புரியவில்லை. ஒரு கேக்கை வாங்கிக்கொண்டு நேரே அல்பேர்ட் வீட்டுக்குப் போனாள்.

3.
மனைவி மார்கிறட் தேத்தண்ணி வைத்தா. அல்பேர்ட் கேக்கைத் தொடவில்லை.

[இங்கே சின்ன விளக்கம். கடலில் நின்று பார்க்கும்போது மாதா கோயில் கோபுரம் கரையிலுள்ள இன்ன பனைக்கு நேரே வந்தால் கீழே பவளத்திட்டு, அதில் மீன். கடலில் இடம் பிடிப்பது இப்படித்தான். அது எந்தப் பனை என்று கூடப்பிறந்தவனுக்கும் சொல்வதில்லை. யாரும் கேட்டால் ஒரு பனை தள்ளிச் சொல்வது அங்கே பொய்யில் சேராது.]

"அண்டைக்கு உங்களுக்கும் ஒரு பனை தள்ளித்தான் சொன்னனான், பிள்ளை," என்றார். "நீங்கள் அதைப் புத்தகத்தில போடுவியள் எண்டு எனக்குத் தெரியாது."

ஒவ்வொரு நத்தார்ப் பண்டிகைக்கும் அவள் வரும்போது சொல்ல நினைத்தாராம்; அவளுடைய முகத்தைக் கண்டதும் நா எழவில்லையாம். கட்டுரை வந்த வருடம் அதில் இருந்த வரைபடம் எப்படியோ கைமாறி, பெரிய இழுவைப் படகுகள் வந்து அவள் குறித்த இடத்தில் வலை இழுத்தன. சேறுதான் வந்தது. போர் முடிந்து மீளக்குடியேறிய நாளிலிருந்து அந்த வீட்டுக்குச் சோறு போட்ட திட்டு தப்பியது.

"உங்கட பேர் கெடக்கூடாது. சரியானதை எழுதுங்கோ," என்றவர், அவள் தடுப்பதற்குள் பனையைச் சொல்லிவிட்டார்.

சுதாஜினி அழுதாள். எழுதும்போது எனக்கும் தாங்கவில்லை.

4.
முடிவு அ: திருத்தம் எழுதுகிறாள். பெயர் தப்புகிறது. படகுகள் திரும்பி…

[அந்தத் தேத்தண்ணியைக் குடித்தவளால் முடியாது.]

முடிவு ஆ: வாய் திறக்கவில்லை. முப்பத்தெட்டாவது ஆளும் மேற்கோள்…

[பாவம், அவளுக்கு நித்திரை வராது.]

முடிவு இ: இடம் பிழை, சரியானதைச் சொல்லமாட்டேன் என்று எழுதிக் கட்டுரையைத் திரும்பப் பெறுகிறாள். பதவி உயர்வு…

5.
பஸ் கிளம்பியது. அவள் மடியில் இருந்த தாளில் ஒரே வரி: "என் கட்டுரையால் விளைந்தது". மிச்சம் வெறுமை. அதை நான் நிரப்பப்போவதில்லை, நீங்களே நிரப்புங்கள்.

உதவிக்கு ஒன்று மட்டும் சொல்கிறேன். இறங்கும்போது, கதைக்குத் தேவை என்று சாட்டுச் சொல்லி, சரியான பனை எது என்று அவளைக் கேட்டேன். கொஞ்சமும் தயங்காமல் ஒரு பனையைச் சொன்னாள்.

நான் அதை நம்பவில்லை.