இயலாமையில் தேர்ச்சி

1

இந்தக் கதை ஒரு நல்ல பழக்கத்தால் பிறந்தது. யாராவது "எப்படி இருக்கீங்க?" என்று கேட்டால், உயிரே போனாலும் "நல்லா இருக்கேன்" என்று சொல்லும் பழக்கம். அதனால்தான் அரசாங்கம் எனக்குத் தரவேண்டிய ஊனமுற்றோர் உதவித்தொகை ஒருமுறை கைநழுவிப் போனது.

நான் லிஃப்ட் மெக்கானிக். ஞாயிற்றுக்கிழமைகளில் மட்டும் எழுத்தாளன். விபத்துக்குப் பிறகு எல்லாக் கிழமையும் ஞாயிறாகிவிட்டது. ஆனால் பேனா விரலில் நிற்பதில்லை. ஆகவே நான் சொல்லச் சொல்ல என் மனைவி தட்டச்சு செய்கிறாள். அடைப்புக்குறிக்குள் வருவதெல்லாம் அவளுடைய சொந்தச் சரக்கு. அது கூடாது என்று கண்டிப்பாகச் சொல்லிவிட்டேன்.

(கெஞ்சினார்.)

2

முதலில் யோசித்த ஆரம்பம்: "மழையில் நனைந்த நெடுஞ்சாலை கரும்பாம்பைப் போல நெளிந்து—"

(அன்னைக்கு மழையே இல்ல. நல்ல வெயில்.)

இரண்டாவது: "விதி என்பது யாதெனில்—"

(தூக்கம் வருது.)

சரி, நடந்ததையே சொல்கிறேன். மச்சான் கார் ஓட்டினார். மச்சான் என்றால் இவளுடைய அண்ணன். நான் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். சிக்னலில் சிவப்பு விழுந்தது, நின்றோம். பின்னால் வந்த லாரி நிற்கவில்லை. மச்சானுக்கு ஒரு கீறல்கூட இல்லை. எனக்குக் கழுத்தெலும்பு நொறுங்கியது. ஆபரேஷன் செய்து தகடு வைத்தார்கள். நடக்கிறேன், ஆனால் தெருமுனை வருவதற்குள் கால் மரத்துவிடும். விரல்களுக்குச் சூடும் தெரியாது, குளிரும் தெரியாது, பிடியும் கிடையாது.

3

மச்சான் மீது எனக்குச் சந்தேகம் உண்டு. மனிதராக அல்ல, கதாபாத்திரமாக. வரும்போதெல்லாம் கழுத்துக்கு நல்லது என்று ஒரு தலையணை வாங்கி வருகிறார். கொடுத்துவிட்டு, என் முகத்தைப் பார்க்காமல், மின்விசிறியைப் பார்த்துப் பேசுகிறார். வீட்டில் உட்கார இடமில்லை. ஒரு சிறுகதை இத்தனை தலையணையைத் தாங்காது, அவரை எடுத்துவிடலாமா என்று கேட்டேன்.

(எங்கண்ணன எடுத்தா டைப் பண்ண வேற ஆளப் பாருங்க.)

மச்சான் இருக்கிறார்.

4

உதவித்தொகைக்கான முதல் பரிசோதனைக்குப் போன அன்று என்னைவிடப் பெரிய முட்டாள் அந்த வட்டாரத்தில் இல்லை. அதிகாரியைப் பார்க்கப் போகிறோம் என்று முகம் மழித்து, தேய்த்த சட்டை போட்டு, கல்யாண மாப்பிள்ளை மாதிரிப் போனேன். அலுவலகம் மேல்மாடியில். லிஃப்ட் வேலை செய்யவில்லை. மனைவி ஒரு பக்கமும் கைப்பிடிச் சுவர் மறுபக்கமுமாகப் படியேறினேன். கதவுக்கு வெளியே நின்று மூச்சை ஒழுங்கு செய்துகொண்டு, சிரித்த முகமாக உள்ளே போனேன்.

"எப்படி இருக்கீங்க?" என்றார் அதிகாரி.

"நல்லா இருக்கேன் சார்."

"நடக்க முடியுதா?"

"ஓ, நடப்பேனே."

"மேல எப்படி வந்தீங்க? லிஃப்ட்தான் ஓடலையே?"

"படியிலதான் சார். அந்த லிஃப்ட்ல பெரிசா ஒண்ணும் இருக்காது. கதவு சென்சார்ல தூசி அடைஞ்சிருக்கும். தொடைச்சாலே ஓடும்."

மனைவி மேஜைக்கு அடியில் என் காலை மிதித்தாள். கால் மரத்திருந்ததால் எனக்குத் தெரியவில்லை.

(ரெண்டு தடவ மிதிச்சேன்.)

அதிகாரி எல்லாவற்றையும் எழுதிக்கொண்டார். பதில் வந்தது: படியேறும் ஆற்றல் உண்டு, தொழிலறிவு குறையவில்லை, ஆகவே தகுதி இல்லை. வாழ்நாளில் என் வேலையை யாரும் அவ்வளவு பாராட்டி எழுதியதில்லை.

5

மேல்முறையீடு செய்தோம். இந்த முறை பார்க்கப்போவது டாக்டர் என்றார்கள், ஆகவே ஒத்திகை. மச்சான்தான் டாக்டர். தலையணைகளைத் தள்ளிவிட்டு, சாப்பாட்டு மேஜைக்கு அந்தப் பக்கம் விறைப்பாக உட்கார்ந்தார்.

"எப்படி இருக்கீங்க?"

"நல்லா—"

"மாப்ள!"

"பழக்கதோஷம் மச்சான். கஷ்டமாத்தான் இருக்கு."

"கஷ்டம்னா எப்படி? டீ டம்ளர் பிடிப்பீங்களா?"

"பிடிப்பேன். நழுவிடும்."

"ம். சரி. விபத்து எப்படி..." அங்கேயே டாக்டர் நின்றுவிட்டார். "வண்டிய யாரு ஓட்டினது?" என்று தனக்குத்தானே கேட்பதுபோலக் கேட்டார்.

[இந்த இடத்தில் ஒரு நகைச்சுவை வைத்திருந்தேன். எடுத்துவிட்டேன். இந்தச் சதுர அடைப்பு என்னுடையது.]

"எங்க மச்சான் ஓட்டினாரு," என்றேன். "சிவப்பு விழுந்துச்சு, நிறுத்தினாரு. சரியாத்தான் ஓட்டினாரு."

மச்சான் மின்விசிறியைப் பார்க்கவில்லை. அன்றுதான் விபத்துக்குப் பின் முதல்முறையாக என்னைப் பார்த்தார். பிறகு மூக்கைச் சிந்திவிட்டு, "அடுத்த கேள்வி" என்றார்.

6

இரண்டாம் பரிசோதனை ஒரு டாக்டரம்மாவிடம். எவ்வளவு தயாராக இருந்தேன் தெரியுமா? எந்த இடத்தில் பெருமூச்சு, எந்த இடத்தில் முனகல் எல்லாம் மனப்பாடம். அந்த அம்மாள் எப்படி இருக்கிறேன் என்றே கேட்கவில்லை.

"சட்டையக் கழட்டிட்டுத் திரும்பப் போடுங்க."

கழற்றுவது எப்படியோ நடந்தது, இழுத்த இழுப்பில் பொத்தான்கள் காஜாவை விட்டு வந்துவிட்டன. போட்டுக்கொள்ளும்போது மனைவியின் கை தானாக என் மார்புக்கு வந்தது.

"நீங்க உட்காருங்கம்மா. அவரே போடட்டும்."

பொத்தானைப் பிடித்தேன். பிடித்ததாக நினைத்தேன். குனிந்து பார்த்தால் விரல்கள் துணியைத்தான் பிடித்திருந்தன. மறுபடி முயன்றேன். பொத்தான் காஜாவின் விளிம்பைத் தொட்டுவிட்டு வழுக்கியது. நாக்கைக் கடித்துக்கொண்டு, குழந்தையைப் போல, மறுபடி, மறுபடி. பெருமூச்சும் முனகலும் மறந்தே போயின.

ஆஸ்பத்திரியிலிருந்து வந்த நாள் முதலாக இவள்தான் எனக்குப் பொத்தான் போடுகிறாள். நேரமாகிறது என்று அவசரப்படுகிறாள், அல்லது ஆசையாகச் செய்கிறாள் என்று நினைத்திருந்தேன். என்னால் முடியாது என்பது எனக்குத் தெரியக்கூடாது என்றுதான் இத்தனை நாளும் முந்திக்கொண்டாள் என்று எனக்கு உறைத்தபோது, அவள் நாற்காலியில் தன் கைகளைத் தொடைக்கு அடியில் வைத்து அழுத்திக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

"போதும்," என்றார் டாக்டரம்மா. "அம்மா, போட்டு விடுங்க."

(இந்தப் பகுதிய நான் திருத்தல.)

7

இனி முடிவு. உதவித்தொகை கிடைத்தது. இங்கே முற்றுப்புள்ளி வைத்தால் சுபம். ஆனால் உத்தரவின் அடியில் ஒரு வரி: மறுபரிசோதனைக்கு உட்பட்டது, முன்னேற்றம் காணப்பட்டால் தொகை நிறுத்தப்படும்.

"அப்போ கை நல்லாகணும்னு வேண்டிக்கணுமா, நல்லாகக் கூடாதுன்னு வேண்டிக்கணுமா?" என்று இவள் கேட்டாள். எந்தச் சாமிக்கும் இப்படியொரு குழப்பமான விண்ணப்பம் போயிருக்காது.

தினமும் காலையில் கட்டிலில் உட்கார்ந்து சட்டையோடு மல்லுக்கட்டுகிறேன். இவள் கையைக் கட்டிக்கொண்டு எதிரே நிற்கிறாள். உதவுவதில்லை. நானே கேட்டுக்கொண்டதுதான். நேற்றுக் காலையில் மேல் பொத்தான் காஜாவுக்குள் பாதி நுழைந்து, இருவரும் மூச்சைப் பிடித்துக்கொண்டு பார்க்க, கடைசியில்—

(இதுக்கு மேல அடிக்க மாட்டேன். அந்த டாக்டரம்மா கதை படிக்கிறவங்களா இருந்தா?)

ஆகவே பொத்தான் ஏறியதா வழுக்கியதா என்பதை நீங்களே முடித்துக்கொள்ளுங்கள். எது நடக்க வேண்டும் என்று விரும்புகிறீர்களோ அதையே வைத்துக்கொள்ளலாம். எங்கள் வீட்டில் அதைக்கூடத் தீர்மானிக்க முடியாமல் இரண்டு பேர் விழித்துக்கொண்டிருக்கிறோம்.