மூடி திறவாத கொப்பரை

விடியல் இன்னும் மலைகளின் முதுகில் ஏறவில்லை. இஸ்ஸிக்-குல் ஏரியின் மேற்கு முனையில், பழைய துறைமுகத்துக்கு அருகே நின்ற முதியோர் இல்லத்தின் முற்றத்தில் ஜிபார் கொப்பரையைக் கிளறிக்கொண்டிருந்தாள். ஆளுயரத் துடுப்பு. அதை அடிவரை அழுத்த வேண்டும், விளிம்புவரை இழுக்க வேண்டும், மீண்டும் அடிவரை அழுத்த வேண்டும். கை ஒரு கணம் ஓய்ந்தால் முளைக்கோதுமைப் பாலும் மாவும் அடியில் பிடித்துக்கொள்ளும். வசந்தப் புத்தாண்டான நூரூஸ் திருநாளின் இனிப்புக் கூழ் கருகிப்போகும். மேற்குக் காற்று புகையை வாரி அவள் முகத்திலேயே அடித்தது. தோள்பட்டை கழன்று விழுவதுபோல் வலித்தது. கொப்பரையின் அடியில் கூழாங்கற்கள் உருண்டு உரசுவதைத் துடுப்பின் வழியே அவள் உள்ளங்கை கேட்டுக்கொண்டிருந்தது.

அடிபிடிக்காதிருக்கத்தான் கல் போடுவார்கள். கிண்ணத்தில் கல் அகப்பட்டவர் எதையேனும் மனத்துள் வேண்டிக்கொள்ளலாம். இந்தக் கற்கள் இல்லத்து முதியவர்கள் ஏரிக்கரையில் தாமே தெரிந்தெடுத்தவை. குனிய முடியாதவர்கள் சக்கர நாற்காலியில் இருந்தபடியே விரல் நீட்டினார்கள்; "அது இல்ல, அதுக்குப் பக்கத்துல இருக்கிற செவப்பு" என்று அதட்டினார்கள்; ஜிபார் எடுத்துக் கொடுத்தாள். அதுவே அவர்கள் எல்லோரும் சேர்ந்து கடைசியாகக் கரைக்குப் போன நாள்.

முன்பெல்லாம் வியாழக்கிழமைதோறும் இல்லத்தின் பஸ் அவர்களைக் கரைக்கு அழைத்துச் செல்லும். அங்கே வறுத்த மீன் உண்டு, சதுரங்கம் உண்டு, சண்டை உண்டு, சமாதானமும் உண்டு. இலையுதிர் காலத்தில் நிர்வாகி எமில்பெக் அந்தப் பஸ்ஸை உல்லாச விடுதி முதலாளி தால்கத்திடம் ஒப்படைத்தான். ஊழியரின் சம்பளத்தில் கை வைத்ததும் அப்போதுதான். விலகிப் போனவர்களின் இடம் காலியாகவே கிடந்தது. அவர்கள் பார்த்துவந்த கட்டில்களும் இருப்பவர் தலையில் விழுந்தன. வேலை முடிந்து தன் வீட்டுக்குப் போக வேண்டிய நேரத்தில், ஜிபார் சக்கர நாற்காலிகளை ஒவ்வொன்றாகக் கரைக்குத் தள்ளிச் சென்றாள். அதையும் கண்ட எமில்பெக் வாயிற்கதவுக்குப் பூட்டுப் போட்டான்.

எவருடைய தோள்கள் இந்தத் துறைமுகத்தில் சரக்கை ஏற்றி இறக்கினவோ, எவருடைய விரல்கள் மீன் ஆலையின் உப்பில் ஊறி வெடித்தனவோ, அவர்களுக்கு இப்போது ஏரி என்பது ஜன்னல் கண்ணாடியில் ஒட்டிய நீலத் துண்டு. கடுங்குளிரிலும் உறையாத ஏரி அது. அதைப் பார்த்துக்கொண்டு உள்ளே மனிதர் உறைந்தார்கள். படுக்கையில் இருந்து நாற்காலிக்கு, நாற்காலியில் இருந்து ஜன்னலுக்கு, ஜன்னலில் இருந்து மீண்டும் படுக்கைக்கு. உண்ணக் கொடுத்தார்கள், உடுக்கக் கொடுத்தார்கள். ஆயினும் அது சிறை. சிறைக்குக்கூட விடுதலை நாள் என்று ஒன்று உண்டு. இதற்கு அதுவும் இல்லை.

"தள்ளு அக்கா, நான் கொஞ்சம் கிளறுறேன்." இளைய பணிப்பெண் சைரா வந்து துடுப்பைப் பிடித்தாள். "உள்ள எல்லாரையும் திருப்பிப் படுக்க வச்சாச்சு. புருல்கான் ஆத்தா மட்டும் கண்ணாடி கேட்டு ஒரே ரகளை. இன்னிக்குப் படம் எடுக்க வராங்கல்ல, டிவில வரப்போறாங்களாம்."

"குடுத்தியா?"

"குடுத்தேன். பாத்துட்டு, 'இந்த மூஞ்சியக் காட்டித்தான் எமில்பெக் நன்கொடை வாங்குறானா? அப்ப எனக்கும் பங்கு கேளுடி'ங்குது."

ஜிபார் சிரித்தாள். சிரிப்பு பாதியில் நின்றது. "தொக்தோசூன் பெரியவர் எப்படி இருக்காரு?"

"வலியில முழிச்சுக்கிட்டே கிடக்காரு. கொதிகலன் அறைக்குப் பக்கத்துல போட்டு வச்சிருக்காங்க. கேமரா கண்ணுல படக் கூடாதாம்."

தொக்தோசூன் துறைமுகத்தில் பாரந்தூக்கி ஓட்டியவர்; அந்த இல்லத்திலேயே மூத்தவர். பூட்டிய கதவை நாள்தோறும் பார்த்துப் பார்த்து, ஒரு நாள் நிலக்கரிக் குவியல்மேல் ஏறிச் சுவரைத் தாண்டப் பார்த்தார். கரி சரிந்தது. வலது கை முறிந்தது, இடுப்பிலும் அடிபட்டது. கட்டுப் போட்டு வந்தவரை எமில்பெக் பின்னறையில் ஒளித்தான். பழியை ஜிபார்மேல் போட்டான்.

நேற்று அவன் அவளிடம் சொன்னது இது: "நாளைக்குக் கொப்பரை காலியானதும் ஏப்ரனைக் கழட்டி வச்சிட்டுக் கிளம்பு. ஆள அடக்கி வைக்கத் தெரியாதவளுக்கு இங்க வேலை இல்ல."

"எனக்கு அடக்குற வேலைன்னு யாரும் சொல்லலையே ஐயா. பாத்துக்கிற வேலைன்னுதான் சொன்னாங்க."

"நீ வெளிய இழுத்துட்டுப் போய்ப் பழக்கிவிட்ட. ஒரு தடவ போனா மறுபடி கேப்பாங்க."

"கேக்கத்தான் செய்வாங்க. உசிரு இருக்கில்ல."

"அந்தப் பேச்சத்தான் இங்க வச்சுக்காதங்கறேன்."

வேலையைப் போட்டுவிட்டுப் போராட அவளால் இயலாது. ஆலைத் தொழிலாளி எந்திரத்தை நிறுத்திவிட்டு வாயிலுக்கு வரலாம். எந்திரத்துக்குப் பசிக்காது, புண் வராது. இவள் கையை நிறுத்தினால் படுக்கையில் கிடப்பவரின் முதுகு அழுகும். அந்த அன்பைத்தான் நிர்வாகம் சங்கிலியாக்கி இவள் காலில் பூட்டியிருந்தது. இங்கே அடைபட்டவர்கள் முதியவர்கள் மட்டுமல்லர்.

சூரியன் ஏறியதும் அடுப்பைத் தணித்து, கொப்பரையை மரமூடியால் மூடினார்கள். முற்றத்தில் நீண்ட மேசை. முதியவர்களுக்கு வெண்கம்பளித் தொப்பியும் பூவேலை அங்கியும் அணிவிக்கப்பட்டன. படம் எடுத்து முடிந்ததும் அவை திரும்ப வாங்கப்படும். நன்கொடை தரவிருந்த தால்கத் பளபளக்கும் காரில் வந்து இறங்கினான். கேமராக்காரன் தோளில் கருவியை ஏற்றினான். வாயிற்காவலன் குபத் கதவைத் திறந்து காரை உள்ளே விட்டு, மீண்டும் பூட்டிச் சாவியைக் கைக்குள் இறுக்கிக்கொண்டான்.

ஆசி சொல்லாமல் மூடியைத் திறக்கலாகாது. அதற்கென்று எமில்பெக் ஓர் ஆளைத் தேர்ந்து வைத்திருந்தான். சாதிர்பெக், ஓய்வுபெற்ற பள்ளி ஆய்வாளர். மேலிடத்துக்கு எதிராக வாழ்நாளில் ஒரு சொல் சொல்லாதவர். மேசையின் தலைமை இருக்கையில் அவரை அமர்த்தியிருந்தான்.

"ஆரம்பிங்க பெரியவரே. நம்ம தால்கத் ஐயா பேரையும் ஆசியில சேத்துக்குங்க."

சாதிர்பெக் எழுந்தார். தொண்டையைச் செருமினார். உள்ளங்கைகளை விரிக்கப் போனவர் அவற்றை மடக்கிக்கொண்டார்.

"மூத்தவங்க இருக்கும்போது நான் ஆசி சொல்றது முறையில்லைங்க. புருல்கான் அக்கா என்னைவிட மூத்தவங்க."

எமில்பெக் புன்னகையை விடாமல் பிடித்துக்கொண்டான். "சரி, ஆத்தா, நீங்களே சொல்லுங்க."

மீன் ஆலையில் முதுமைவரை உழைத்த புருல்கான் தன் அங்கியின் பூவேலையை நிதானமாகத் தடவிப் பார்த்தாள். "எனக்கு மூத்தவரு தொக்தோசூன் அண்ணன். அவரு எங்க இருக்காரு?"

"அவருக்கு உடம்பு சுகமில்ல. தூங்குறாரு."

"காலையில எங்கிட்ட சிகரெட் கேட்டாரே. தூக்கத்துலயா கேட்டாரு?"

மேசை முழுவதும் சிரிப்பு ஓடியது. தால்கத்தும் சிரித்துவிட்டான். பிறகு அவன் முகம் மாறியது. "எமில்பெக், பெரியவரை விட்டுட்டு மூடியத் திறந்தா எங்கம்மா என்னை வீட்டுக்குள்ள சேக்க மாட்டாங்க. கூட்டிட்டு வரச் சொல்லு."

ஊர் வழக்கத்தைப் படம் பிடித்துக் காசாக்க நினைத்த எமில்பெக் அந்த வழக்கத்தாலேயே கட்டுண்டான். அவன் வாய் திறப்பதற்குள் ஜிபாரும் சைராவும் பின்னறையை நோக்கி நடந்துவிட்டார்கள்.

கரிப்புகையின் நாற்றம் ஏறிய அந்த அறையில் தொக்தோசூன் கண் விழித்திருந்தார். "என்ன, புதைக்கக் கொண்டு போறீங்களா?"

"ஆசி சொல்லக் கூப்பிடுறாங்க தாத்தா. நீங்கதான் மூத்தவராம்," என்றாள் ஜிபார்.

"அது இன்னிக்குத்தான் ஞாபகம் வந்துச்சா?" என்றார். பிறகு, "தொப்பியக் குடு" என்றார்.

கழுத்தில் தொங்கும் துணியில் கட்டுப்போட்ட கையுடன் அவர் சக்கர நாற்காலியில் முற்றத்துக்கு வந்தபோது கேமரா தானே அவர் பக்கம் திரும்பியது.

"கைக்கு என்னாச்சு பெரியவரே?" என்றான் தால்கத்.

"பஸ்ஸத் தேடிப் போனேன். சுவரு குறுக்க வந்துருச்சு."

"எந்தப் பஸ்?"

"உன் விருந்தாளிங்கள ஏத்திக்கிட்டு எங்க ஜன்னலோரமா தினமும் போகுதே, அதுதான். நாங்களும் கையாட்டுறோம். ஒருத்தரும் திரும்பக் கையாட்டுறதில்ல."

தால்கத்தின் பார்வை எமில்பெக்கை நோக்கிச் சென்றது. எமில்பெக்கின் பார்வை தரைக்குச் சென்றது.

தொக்தோசூன் இடது கையை மட்டும் உயர்த்தினார். "ஆசிக்கு ரெண்டு கை விரியணும். ஒண்ணுதான் விரியுது. இன்னொண்ண அந்தச் சுவரு வாங்கிக்கிச்சு. அதனால இங்க நான் ஆசி சொல்ல மாட்டேன். இந்தக் கொப்பரையில கிடக்கிற கல்லெல்லாம் கரையில பொறுக்குனது. கரைக்குக் கொண்டு வாங்க. அங்க சொல்றேன்."

"கேமராவ நிறுத்துங்க." எமில்பெக்கின் குரல் கீச்சிட்டது. "எல்லாம் இவ சொல்லிக்குடுத்த நாடகம். ஜிபார், கழட்டு ஏப்ரனை. இப்பவே வெளிய போ."

ஜிபாரின் கை முதுகுப்புறம் முடிச்சுக்குப் போனது. ஒரே இழுப்பு, எல்லாம் முடிந்துவிடும். அவள் வெளியே போவாள். இவர்கள் உள்ளே இருப்பார்கள். பூட்டு பூட்டாகவே இருக்கும். விரல்கள் முடிச்சைத் தொட்டன. தொட்டதும் அதை இன்னும் இறுக்கின.

"கழட்ட மாட்டேன் ஐயா. இன்னிக்கு வியாழக்கிழமை. எனக்கு வேலை இருக்கு."

குனிந்து தொக்தோசூனின் நாற்காலியின் தடையை விடுவித்தாள். சக்கரம் உருண்டது.

சைரா ஒரு கணம் நின்றாள்; ஒரே கணந்தான். பிறகு புருல்கானின் நாற்காலியைப் பிடித்தாள். சமையற்காரர் மிர்லான் கரண்டியை மேசைமேல் வைத்துவிட்டு, கொப்பரையின் காதுகளில் நீண்ட கழியைச் செருகினார். சலவைக்கூடத்துப் பெண்கள் ஈரக் கையோடு ஓடிவந்து மறுமுனையைத் தோளில் ஏற்றினார்கள்.

"யாரெல்லாம் போறீங்களோ, அத்தனை பேருக்கும் நாளையில இருந்து வேலை இல்ல. வேற ஆள வச்சுக்குவேன்," என்றான் எமில்பெக்.

"இலையுதிர் காலத்துல போனவங்க இடத்துக்கே இன்னும் ஆள் வரலையே ஐயா," என்றாள் சைரா. "அதையும் சேத்துக் கொண்டு வாங்க. படுக்கையில இருக்கிறவங்களத் திருப்பிவிட ரெண்டு பேர் உள்ள இருக்காங்க. முறை மாத்தி நாங்களும் போவோம். யாரையும் விட்டுட்டுப் போகல. கூட்டிக்கிட்டுத்தான் போறோம்."

சாதிர்பெக் தலைமை இருக்கையை விட்டு எழுந்தார். கைத்தடியை ஊன்றி, ஒருவருடைய உதவியும் இல்லாமல், நாற்காலிகளின் பின்னே நடந்தார். எமில்பெக்குக்கு அருகே வந்தபோது, "மன்னிக்கணும். முறைன்னு ஒண்ணு இருக்கு" என்று மெதுவாகச் சொன்னார். அவர் செய்த முதல் கலகம் அது; அதையும் மன்னிப்புக் கேட்டுத்தான் செய்தார்.

வாயிலை அடைந்தார்கள். பூட்டு தொங்கியது. கம்பிகளுக்கு அப்பால் இரயில் கொட்டகைகளின் இடையே ஏரி கிடந்தது. கண்ணாடி குறுக்கே இல்லாத ஏரி. அதன் குளிர் முகத்தில் அறைந்தது. கழி இறங்கியது. கொப்பரை மண்ணில் அமர்ந்தபோது உள்ளே கற்கள் ஒன்றையொன்று முட்டிக்கொள்ளும் ஒலி எல்லோருக்கும் கேட்டது.

குபத் கதவின் முன் நின்றான். சாவி இருந்த கை மூடியிருந்தது.

"திறந்தா என் வேலை போயிரும் அக்கா. வீட்டுல மூணு வாய்."

"தெரியும் குபத். உன்கிட்ட மல்லுக்கட்டிச் சாவிய வாங்க மாட்டோம். இங்கயே உக்காந்துக்கறோம். நீ யோசி."

முற்றத்தின் நடுவே எமில்பெக் தொலைபேசியில் எவரையோ அழைத்துக் கத்திக்கொண்டிருந்தான். தால்கத் தன் காரின் கதவில் சாய்ந்து, ஏறுவதா நிற்பதா என்று தெரியாமல் நின்றான். அந்தக் காருக்கும் இந்தக் கதவைத் தவிர வேறு வழி இல்லை.

காற்று வலுத்தது. குபத் தன் ஆட்டுத்தோல் கோட்டைக் கழற்றித் தொக்தோசூனின் மடியில் போர்த்தினான். பிறகு தன் இடத்துக்கே போய் நின்றான்.

"ஏன் அண்ணே," என்றாள் புருல்கான், "ஒரு கை குறையுதுன்னியே. இது ஆகாதா?" உப்பு தின்ற தன் வலது உள்ளங்கையை விரித்து, அவருடைய இடது உள்ளங்கையின் பக்கத்தில் நீட்டினாள்.

தொக்தோசூன் இரண்டு கைகளையும் பார்த்தார். "மீன் நாத்தம் அடிக்குது," என்றார். கையை விலக்கவில்லை. "கதவு திறக்கட்டும். இதை வச்சே சொல்றேன்."

ஆசியை எதிர்பார்த்து ஜிபாரும் தன் உள்ளங்கைகளை விரித்தாள். துடுப்பு பிடித்த கொப்புளங்கள் சிவந்திருந்தன. சைராவின் கைகள் விரிந்தன. மிர்லானின் கைகள், சலவைப் பெண்களின் வெளுத்த கைகள், சாதிர்பெக்கின் கைத்தடியை விட்ட கைகள் விரிந்தன. எல்லாம் ஏரியை நோக்கி விரிந்தன. நடுவே குபத் நின்றான்.

ஆசிக்கென்று கைகள் விரியும்போது தன் கையை மூடி வைத்திருக்க அந்த மண்ணில் பிறந்த எவனும் பழகவில்லை. குபத் தன்னையறியாமல் தொப்பியைச் சரிசெய்தான். முன்னே வந்தான். தாய் பழக்கிய வண்ணமே இரண்டு உள்ளங்கைகளையும் விரித்தான்.

வலது உள்ளங்கையின் நடுவே சாவி இருந்தது. எல்லோரும் அதைப் பார்த்தார்கள். அவனும் பார்த்தான். கையை மூடவில்லை.