அந்தரத்தில் பதினாறு மணி நேரம்

பதினாறு மணி நேரம். நடுவில் இறங்கி வேறு விமானம் மாறுவதையும் சேர்த்தால் இருபதுக்குக் குறையாது. அத்தனை நேரம் அம்மா உட்கார்ந்திருந்தால் அந்தக் கால் என்ன ஆகும்?

ஆஸ்பத்திரி வராந்தாவில் போனைக் காதோடு அழுத்திக்கொண்டு அவள் இதையே நினைத்துக்கொண்டிருந்தாள். மறுமுனையில் தம்பி பேசிக்கொண்டே போனான்.

"அம்மாகிட்ட நான் ஏறிட்டேன்னு ஒரு வார்த்தை சொல்லுக்கா. நாளைக்கு லீவு கிடைச்சிரும், நிஜமாவே ஏறிடுவேன். ஒரு நாள்தானே வித்தியாசம்."

அம்மாவின் இடது காலில் ரத்தம் கட்டியிருந்தது. கட்டி நகர்ந்து நுரையீரலுக்குப் போனால் உயிருக்கே ஆபத்து, காலைத் தொங்கவிடவே கூடாது என்று டாக்டர் கண்டித்துச் சொல்லியிருந்தார்.

அம்மாவுக்கோ ஒரு வழக்கம். மகன் விமானம் ஏறிவிட்டான் என்று காதில் விழுந்தால், அவன் தரையிறங்கும்வரை படுக்கமாட்டாள். நாற்காலியை ஜன்னலோரம் இழுத்துப் போட்டு, முதுகு சாயாமல் உட்கார்ந்துவிடுவாள். "பிள்ளை அந்தரத்துல உட்கார்ந்திருக்கான், நான் மெத்தையில நீட்டிப் படுக்கறதா?" என்பாள். வீட்டில் எல்லோரும் இதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தவர்கள்தான், போன மாதம்வரை.

போன மாதமும் அவன் ஏறாமலேயே ஏறிவிட்டதாகச் சொன்னான். இவளும் நம்பி அம்மாவிடம் சொன்னாள். நாளைக்கு, நாளைக்கு என்று தள்ளி, கடைசியில் அவன் வரவே இல்லை. உண்மை தெரிந்து அம்மா எழுந்தபோது கால் தூணாக வீங்கியிருந்தது.

"காலை நீட்டிப் படுக்கிற சீட்டு வாங்கியிருக்கான்னு சொல்லேன். அவங்களும் படுத்துக்குவாங்க," என்றான் தம்பி.

"உன் கஞ்சத்தனம் பெத்தவளுக்குத் தெரியாதாடா?"

அவன் சிரித்தான். அவளுக்குச் சிரிப்பு வரவில்லை. ரெண்டு தெரு தள்ளிக் குடியிருக்கிற மகளுக்காக அம்மா ஒருநாளும் கண்விழித்து உட்கார்ந்ததில்லை என்பது, வேண்டாத வேளையில் நினைவுக்கு வந்தது. நடந்து வருகிறவளுக்கு யார் பயப்படுவார்கள்? அந்த நினைப்புக்காகத் தன்மேலேயே கோபம் வந்தது.

"யாருடி போன்ல? அவன் ஏறிட்டானா?"

உள்ளேயிருந்து அம்மா. காலையிலிருந்து இதே கேள்விதான். சாப்பாடு தட்டில் தொடாமல் ஆறிக் கிடந்தது. கதவிடுக்கில் பார்த்தாள். அம்மாவின் கை அதற்குள் கட்டில் கம்பியைப் பிடித்திருந்தது. இல்லை என்றால் மனசு நோகும். ஆமாம் என்றால் கால் கீழே இறங்கும்.

"பாவம்க்கா, ஏங்கிப் போயிருக்காங்க. நீ சொல்ல வேணாம். போனை அவங்ககிட்ட குடு, நானே சொல்லிக்கறேன்."

அவள் கதவைத் தள்ளித் தலையை மட்டும் உள்ளே நீட்டினாள்.

"இன்னும் ஏறலம்மா. படும்மா."

அம்மா கம்பியை விட்டுவிட்டுச் சுவர்ப்பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். கால் தலையணைமேல்தான் இருந்தது.

"என்னக்கா இப்படிப் பண்ணிட்ட? போனைக் குடுன்னுதானே சொன்னேன்."

அவள் கதவைச் சாத்திவிட்டு வராந்தா ஓரத்துக்கு நடந்தாள்.

"குடுக்க மாட்டேன்டா," என்றாள், குரல் உயராமல். "நாளைக்கு நீ நிஜமாவே ஏறினாலும் சொல்ல மாட்டேன். இங்க இறங்கினதும் கூப்பிடு. அப்ப சொல்றேன்."