சோற்றில் நட்ட கரண்டி

அன்று தூறியதா, மரங்களில் தேங்கிய நீர்தான் சொட்டியதா என்று ஸ்ரனிஸ்லாசால் இப்போது உறுதியாகச் சொல்ல முடியாது. அந்த நாளை அவர் மனதுக்குள் புரட்டிப் புரட்டியே பாதியை மாற்றிவிட்டார். மெலனி காரில் சொன்னது மட்டும் மாறவில்லை.

"அப்பா, அண்ணாவின்ர பேரையும் எழுதக் குடுத்திட்டன். கத்தாதேங்கோ."

அவர் கத்தவில்லை. கண்ணாடிக்கு வெளியே பார்த்தார்.

ஜெர்மனியின் கெல்சென்கிர்ச்சனில், மூடிக் கிடக்கும் நிலக்கரிச் சுரங்க வளவொன்றுக்குள் கொரியர்களின் கன்பூசியஸ் கோயில் இருக்கிறது. சுரங்கத்துக்கு வேலைக்கு வந்தவர்கள், ஊரில் இடிபடவிருந்த பழைய மண்டபமொன்றைக் கழற்றிக் கப்பலில் ஏற்றிவந்து இங்கே பூட்டினார்கள். மெலனி கட்டப்போகும் ஜின்ஹோவின் தகப்பன் யூன்தான் அங்கே சடங்கு நடத்துபவர். ஆண்டுக்கொருமுறை குரு கன்பூசியசுக்குப் படையல். அது முடிந்ததும் பக்கத்து அறையில் அவரவர் வீட்டு இறந்தவர்களுக்கு. பெயரைக் கடதாசியில் எழுதிவைத்து, சோறு படைத்து, வணங்கி, கடைசியில் கடதாசியை எரித்துவிடுவார்கள்.

ஆனால் பென்ஜமின் இறந்தவன் என்று ஸ்ரனிஸ்லாஸ் ஒருபோதும் ஒத்துக்கொண்டதில்லை. முள்ளிவாய்க்காலில் காணாமல்போன மகன். இறந்தவர்களை நினைக்கும் ஆத்துமாக்கள் திருநாளுக்கு அவன் பெயரில் பூசை கேட்கப்போன மனைவி றோசம்மாவைச் சுவாமியாருக்கு முன்னாலேயே மறித்தவர் அவர்.

"சம்பந்தி வீட்டு விசயம்" என்றாள் றோசம்மா. "பூசைக்குப் போடாத கோட்டைப் போட்டுக்கொண்டு வந்திட்டு அங்க போய் ஏதும் செய்துபோடாதேங்கோ."

"நான் ஒண்டும் சொல்லேல்லையே."

"அதுதான் பயமாக் கிடக்கு."

மண்டபத்தில் சிலை இல்லை. ஒரு பலகை, அதில் ஒரு பெயர். கருப்பு அங்கி போட்ட கிழவர்கள் மரக்கட்டை அடிபடும்போதெல்லாம் குனிந்து நிமிர்ந்தார்கள். இவர்கள் வணங்குவதும் வெறும் பெயரைத்தானா என்று அவர் நினைத்தார். பெயரை எரித்துவிட்டால் பிறகு என்ன மிஞ்சும்?

பக்கத்து அறையில், யூனின் பெற்றோரின் பெயர்களுக்கு அருகே, மெலனியின் கோணல் தமிழெழுத்தில் 'பென்ஜமின்'. யூன் ஒரு கிண்ணம் சோற்றின் நடுவே பித்தளைக் கரண்டியை நிமிர்த்தி நட்டார்.

"செத்த ஆக்கள் சாப்பிடத்தான் அப்பிடி நட்டு வைக்கிறது" என்று மெலனி காதருகே சொன்னாள்.

எல்லோரும் விழுந்து வணங்கினார்கள். ஸ்ரனிஸ்லாஸ் நின்றார். ஜின்ஹோவின் காது சிவந்தது.

பிறகு எல்லோரும் வெளியே வந்து கதவைச் சாத்தினார்கள். இறந்தவர்கள் வந்து ஆறுதலாகச் சாப்பிட வேண்டுமாம். கதவைத் திறக்குமுன் யூன் இருமிக் காட்டுவாராம், உள்ளே இருப்பவர்கள் எழும்புவதற்கு.

ஸ்ரனிஸ்லாஸ் கதவோடு நின்று காதைத் தீட்டினார். கரண்டி கிண்ணத்தில் படும் சத்தம் கேட்டுவிடக் கூடாது, மாதாவே, கேட்டுவிடவே கூடாது.

கேட்கவில்லை. யூன் இருமினார்.

உள்ளே போனதும் யூன் தன் பெற்றோரின் கடதாசிகளைப் பித்தளைத் தட்டில் எரித்தார். அடுத்து பென்ஜமினை மெழுகுதிரியில் பிடித்தார். ஓரம் கருகிச் சுருண்டது. ஸ்ரனிஸ்லாஸ் பாய்ந்து அதைப் பறித்து, நெருப்போடு உள்ளங்கைக்குள் கசக்கினார்.

"ஐயோ அப்பா!"

"மானத்தை வாங்கிப்போட்டார்" என்று றோசம்மா முகத்தைப் பொத்தினாள்.

யூன் கையமர்த்தினார். ஸ்ரனிஸ்லாசின் பொத்திய கையைப் பார்த்தார். பிறகு ஜெர்மனில் கேட்டார்: "உயிரோடு இருக்கிறானா?"

இருக்கிறான் என்றுதான் ஸ்ரனிஸ்லாஸ் இத்தனை காலமும் எல்லோருக்கும் சொல்லிவந்தார். அன்று அந்தச் சொல் வரவில்லை.

"தெரியாது" என்றார்.

கிழவர் சோற்றிலிருந்து கரண்டியைப் பிடுங்கி, துடைத்து, கிண்ணத்துக்குப் பக்கத்தில் படுக்கவைத்தார். கிண்ணத்தை ஸ்ரனிஸ்லாஸ் பக்கம் நகர்த்தினார்.

"அப்படியானால் இது உயிரோடிருப்பவர்களின் சோறு. ஆறமுன் சாப்பிடுங்கள்."

சுட்ட கையால் ஏலவில்லை. இடக்கையால் அள்ளிச் சாப்பிட்டார். றோசம்மா பக்கத்தில் வந்து குந்தினாள்.

"எனக்கும் ஒரு வாய் தாருங்கோ."

மெலனிக்கும் ஜின்ஹோவுக்கும் அடுத்த மே மாதம் கலியாணம் நடந்தது. யூன் அதற்கடுத்த குளிர்காலத்தில் இறந்துபோனார். அவர் பெயரை இப்போது ஜின்ஹோ எழுதுகிறான், கரண்டியை மெலனி நடுகிறாள். றோசம்மா ஆண்டுதோறும் காணாமல்போனவர்களுக்கென்று பூசை கேட்கிறாள். ஸ்ரனிஸ்லாஸ் மறிப்பதில்லை. ஓரம் கருகிய கடதாசி அவருடைய செபப்புத்தகத்துக்குள் இருக்கிறது. பென்ஜமின் வரவில்லை.