காய்ச்சல் மனு

ஜெகதீசன் இட்லிக்குச் சட்னி ஊற்றிக்கொண்டிருந்தபோது அவனுடைய போனில் மெசேஜ் வந்த சத்தம் கேட்டது. பக்கத்தில் இருந்த மகள் வர்ஷா எடுத்துவிட்டாள். இரண்டாம் வகுப்பு, தமிழில் எது கண்ணில் பட்டாலும் எழுத்துக் கூட்டிப் படித்தே தீருவாள்.

“எதிரி ஜெகதீசன்... நாளை காலை... பூந்தமல்லி நீதிமன்றத்தில்... ஆஜராக வேண்டும்.” நிமிர்ந்து பார்த்தாள். “அப்பா, நீ யாருக்கு எதிரி?”

அவன் மனைவி சுரேகா சமையலறையிலிருந்து வெளியே வந்தாள். “கேஸ் முடிஞ்சிடுச்சுன்னு சொன்னீங்க?”

அவன் தட்டைப் பார்த்துக்கொண்டிருந்தான். அம்பத்தூரில் ஷேர் ஆட்டோவுக்காக நின்ற ஒரு பெண்மேல் அவன் பைக் மோதியது சுரேகாவுக்குத் தெரியும். கூட்டம் அந்தப் பெண்ணைத் தூக்கிக்கொண்டிருந்தபோது அவன் ஹெல்மெட்டைக்கூடக் கழற்றாமல் கிளம்பிப் போனது தெரியாது. கேமராவில் வண்டி நம்பர் விழுந்திருக்காவிட்டால் யாருக்குமே தெரிந்திருக்காது. கோர்ட்டுக்கு அவன் பயப்படவில்லை. அந்தப் பெண்ணின் முகத்தைப் பார்க்க வேண்டுமே என்றுதான் சாட்சி விசாரணை வந்த இரண்டு வாய்தாவுக்கும் போகாமல் இருந்தான்.

வக்கீல் போன் செய்தார். “இந்தத் தடவையும் காய்ச்சல்னு மனு போட்டுடலாமா சார்?”

வர்ஷா அவன் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

“வேணாம் சார். நானே வர்றேன்.”

மறுநாள் கோர்ட் வராந்தா பெஞ்சில், அவன் பைக் மோதிய முத்தம்மாள் இருந்தாள். ஒரு காலை மடக்க முடியாமல் நீட்டி வைத்திருந்தாள். போகிறவர்கள் அதைச் சுற்றிக்கொண்டு போனார்கள். ஜெகதீசன் தூணோரமாக நின்றான். வக்கீல் அவனைக் காட்டியிருக்க வேண்டும், அவளே கூப்பிட்டாள்.

“வா சார், இப்டி குந்து. மெசேஜ் வந்துச்சா? எனக்கும் வந்துச்சு. பக்கத்து ஊட்டுப் பொண்ணு படிச்சு சொல்லிச்சு.”

பெஞ்சின் நுனியில் உட்கார்ந்தான்.

“ஒடம்பு இப்ப எப்டி கீது சார்?”

அவனுக்குப் புரியவில்லை.

“ரெண்டு தபா வந்தேன். ரெண்டு தபாவும் உனக்கு காய்ச்சல்னு உங்க வக்கீலு சொன்னாரு. வந்து வந்து போறது பேஜாராத்தான் இருந்துச்சு. உன்மேல கோவம் இல்லாம இல்ல. ஆனா, திரும்பத் திரும்ப காய்ச்சல்னா அது நல்லதில்ல. ரத்தம் டெஸ்ட் பண்ணியா?”

“இப்ப பரவால்லம்மா” என்றது அவன் வாய்.

சொன்ன பிறகுதான் என்ன சொன்னோம் என்று உறைத்தது. உண்மையிலேயே காய்ச்சல் வந்திருந்தால் எவ்வளவு நன்றாயிருக்கும் என்று தோன்றியது. அந்த நினைப்பும் அவனைக் கூச வைத்தது.

“எனக்கு காய்ச்சலே...” என்று ஆரம்பித்தான்.

உள்ளேயிருந்து வந்த ஆள் அவள் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டார். அவள் பெஞ்சை ஊன்றி எழப் பார்த்தாள். முடியவில்லை.

“கொஞ்சம் கை குடு சார்.”

கொடுத்தான். அவளுடைய முழு பாரமும் அவன் முன்கையில் இறங்கியது. வாசற்படியில் அவள் நல்ல காலை முதலில் வைத்து, மற்றதை மெல்ல இழுத்துக்கொண்டாள். அத்தனை பேர் பார்க்க, அவள் உயரத்துக்குக் குனிந்து, அவள் நடைக்குத் தன் நடையை நிறுத்தி நிறுத்தி, ஜெகதீசன் உள்ளே போனான்.