தீச்சட்டிக்கு முன் வந்த முட்டைப் புரோட்டா

2025ஆம் ஆண்டு மே 9, வெள்ளிக்கிழமை மாலை ஐந்து மணிக்கு, வீரபாண்டியில் முல்லையாற்றங்கரையில், பன்னிரண்டாம் வகுப்பை முடித்திருந்த மாரீஸ்வரி மஞ்சள் சேலை உடுத்தி, மணிக்கட்டில் காப்புடன், இன்னும் தீ மூட்டப்படாத சட்டியை ஏந்தி நின்றாள். தேர்வில் தேறியதற்கான நேர்த்திக்கடன் என்றே அவளுடைய தாய் சொர்ணலதா எண்ணியிருந்தாள்.

உண்மை வேறு. ஒரு நாள் ‘குட் நைட்’ சொல்ல மறந்த குற்றத்துக்காக, உடன்படித்த விஜய்பாண்டி அவளைக் கைப்பேசியில் ‘பிளாக்’ செய்தான். அவன் மீண்டும் பேசினால் தீச்சட்டி எடுப்பதாகக் கௌமாரியம்மனிடம் வேண்டிக் காப்புக் கட்டிக்கொண்டாள். அவனும் பேசினான்; வேண்டுதலை அவனிடம் மட்டும் சொன்னாள். அடுத்த வாரமே, வேறொருவன் படத்துக்கு அவள் இதயக்குறி இட்டாளென்று மறுபடியும் முறித்துக்கொண்டான். அம்மன் தன் பங்கை முடித்துவிட்டாள்; காதலோ காப்பு நூலின் மஞ்சள் வெளுக்குமுன் அற்றுப்போயிற்று. இல்லாத காதலுக்காகத் தீயைச் சுமப்பதா? சுமக்காவிட்டால் ஆத்தாளுக்குக் கொடுத்த வாக்கு என்னாவது?

கூட்டத்தை விலக்கிக்கொண்டு விஜய்பாண்டி வந்தான். கண்கள் சிவந்திருந்தன, கையில் ஒரு பொட்டலம் இருந்தது.

“மாரி, நீ இல்லாட்டி நான் செத்துருவேன்.”

“போன மாசமும் இதையேதான் சொன்ன. நல்லாத்தான இருக்க?”

“வெளயாடாத. எனக்காகத்தான சட்டி எடுக்குற? காலைல இருந்து பட்டினியா இருப்ப. இந்தா, முட்டைப் புரோட்டா.”

மாரீஸ்வரி பொட்டலத்தைப் பார்த்தாள். பிறகு தன் மணிக்கட்டைப் பார்த்தாள். அவன் எதிரில் முதன்முறையாக அழுகைக்குப் பதில் சிரிப்பு வந்தது.

“காப்புக் கட்டுனவ கவுச்சி தொடுவாளாடா? அதும் ஒனக்காகக் கட்டுன காப்பு!”

“அவசரத்துல மறந்துட்டேன். ஒனக்கு முட்டை புடிக்குமேன்னு…”

“சின்னதுல இருந்தே எனக்கு முட்டை ஆகாது. ஒனக்கு என்ன புடிக்கும்னு எனக்கும் தெரியாது.”

சொன்ன பிறகே அதன் கனம் அவளுக்கு உறைத்தது. சண்டையிடவும் சமாதானமாகவுமே அவர்களுக்குப் பொழுது போதவில்லை. ஒருவரையொருவர் அறிந்துகொள்ள எப்போது நேரமிருந்தது?

பின்னால் நின்ற சொர்ணலதாவின் காதில் எல்லாம் விழுந்திருந்தது.

“அப்ப இது பரிச்சைக்கு இல்லையாடி?”

“இல்லம்மா. இவன் பேசணும்னு வேண்டுனேன்.”

“சட்டியக் கீழ வையி. இந்தக் கழுதைக்கா தீயச் சொமப்ப? எல்லாரும் பாத்துக்கிட்டு நிக்கிறாக.”

“வைக்க மாட்டேன். நான் கேட்டேன், ஆத்தா குடுத்தா. குடுத்ததக் காப்பாத்தத் தெரியாதது எங்க குத்தம். வாக்கு வாக்குதான்.”

சொர்ணலதா மகளை உற்றுப் பார்த்தாள். பின்னர் வேப்பங்கொத்தை ஒடித்து, கை சுடாதிருக்கச் சட்டிக்கு அடியில் கொடுத்து, தானே தீ மூட்டினாள்.

முடிவானது இதுதான். மாரீஸ்வரி சட்டியைக் கோயில்வரை யாரிடமும் மாற்றாமல் சுமந்து இறக்கினாள். காப்பைக் கழற்றியதும், இனிக் காதல் என்ற பேச்சில்லை என்று விஜய்பாண்டியிடம் நேரில் சொன்னாள். அவனை ‘பிளாக்’ செய்யவில்லை. மாரீஸ்வரி சேரப்போகும் உத்தமபாளையத்துக் கல்லூரி திறக்கும்வரை அவளுடைய கைப்பேசி சொர்ணலதாவிடம் இருக்கும். புரோட்டாவை விஜய்பாண்டியே தின்றான்.